ஒரு தரம்தான் சொல்லுவார்

கொழும்பில் ஜீப்புக்கு மேல்மூடி போடுவதென்றால் ஒரு காலத்தில் என்னிடம்தான் வரவேண்டும். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுத வந்தேன். பொய் எதற்கு, பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கொட்டாஞ்சேனையில் ஒரு சேர்விஸ் ஸ்டேஷனில் வாகனங்களின் அடிவயிற்றுச் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தேன். இருபத்தெட்டு வயதில் அதே தெருவில் சொந்தக் கராஜ் போட்டேன். நாற்பதில் வெள்ளவத்தையில், கடல் தெரிகிற ஒழுங்கையில், மாடிவீடு. ஆங்கிலம் தெரியாது. ஆனால் ஆங்கிலம் தெரிந்த துரைமார் என் கராஜ் வாசலில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

அந்தப் பேரில் அரைவாசி இன்னொருவருடையது. சரியாகச் சொன்னால் அரைவாசிக்கும் மேல். அவருடைய பெயரை எழுத மாட்டேன். கொழும்பில் கைவேலைக்காரரை எல்லாரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். அவரையும் பாஸ் என்றே எழுதுகிறேன்.

பாஸ் எதையும் ஒரு தரம்தான் சொல்லுவார். பெரிய சத்தமும் இல்லை. பக்கத்தில் நிற்கிறவனுக்குக் கேட்கும், அவனுக்குப் பக்கத்தில் நிற்கிறவனுக்குக் கேட்காது. கேட்காதவன் “என்ன?” என்று கேட்டால் பேசாமல் நிற்பார். கோபம் கிடையாது, முகத்தில் ஒரு மாற்றமும் இராது. சொல்லி முடித்தவருடைய முகம் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும், அவ்வளவுதான்.

இந்தத் தொழிலில் இருக்கிற பழைய ஆட்கள் இன்றைக்கும் அவரைப் பற்றிக் கதை வந்தால், “ரெண்டு உயிர் போகப் பாத்துக்கொண்டு வாய் திறக்காம இருந்த ஆள்” என்பார்கள். அவர் சொன்னாரா சொல்லவில்லையா என்பது ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் நான்.

எல்லாவற்றுக்கும் முதல், ஆள் எப்படி என்று சொல்லவேண்டும்.

அவருக்கு வீடு ஹெந்தளையில். வேலை முடிந்து பஸ்ஸில் போவார். கொண்டக்டர் எந்த இடம் என்று கேட்பான், இவர் ஹெந்தளை என்பார். அந்த நேரம் பார்த்து அவன் வேறு பக்கம் திரும்பியிருப்பான். பிறகு இவரைப் பார்த்து “கொஹேத?” என்று மறுபடி எங்கே என்று கேட்பான். இவர் யன்னலுக்கு வெளியே பார்ப்பார். அவன் மூன்று தரம் கேட்டு, ஊமையா என்று கேட்டு, பஸ்ஸில் இருக்கிறவர்களைச் சிரிக்கவைத்து, கடைசியில் களனிப் பாலத்தடியில் இறக்கிவிடுவான். இவர் மிச்சத் தூரம் நடப்பார். ஒரு தரம் இரண்டு தரம் நடந்த கதையில்லை இது. மழையில் நனைந்து போய் மறுநாள் தும்மிக்கொண்டு வேலைக்கு வந்தவரிடம், வாயைத் திறந்து இன்னொரு தரம் சொன்னால் என்ன குறைந்துபோகும் என்று நான் ஏசினேன். சிரித்தார். “சொன்னனான் தானே முதலாளி” என்றார்.

ஏன் இப்படி என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். சின்ன வயதில் திக்கு வாய், தகப்பன் அடித்து நிறுத்தினார் என்று ஒருவர். அது தலைக்கனம் என்று இன்னொருவர். தலைக்கனம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும், என்னிடம் தாராளமாக இருக்கிறது. அவரிடம் இருந்தது அதில்லை. ஒரு தரம் சொன்னால் போதும் என்று மனிதர்களை நம்பினார் என்றுதான் எனக்குப் படுகிறது. இதை இப்போது எழுதும்போதுதான் யோசிக்கிறேன். அப்போது யோசிக்க எனக்கு நேரம் இருக்கவில்லை.

கலியாணம் செய்ததும் அந்த மாதிரித்தான். பார்த்துச் செய்துவைக்கத் தாய் தகப்பன் இல்லை. ஹெந்தளையில் ஒரு அக்கா மட்டும். முப்பத்துநாலு வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, தானே ஒரு பிஸ்கட் பெட்டியை வாங்கிக்கொண்டு கிருலப்பனையில் ஒரு வீட்டுக்குப் போனார். அந்த வீட்டுக்காரர் அச்சகத்தில் வேலை செய்து ஓய்ந்தவர். ரேடியோவில் செய்தி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். இவர் கதிரையில் இருந்து, வந்த விஷயத்தைச் சொன்னார். அவர் ரேடியோவைத் திருகிக்கொண்டே “என்ன தம்பி?” என்றார். அதோடு முடிந்தது. இவர் தேத்தண்ணியைக் குடித்தார். கால் மணித்தியாலம் இருந்தார். பிறகு எழும்பிப் போய்வருகிறேன் என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு வாசலுக்கு வந்துவிட்டார். அப்போதுதான் குசினிக்குள் இருந்து அந்தப் பிள்ளை வெளியே வந்து, “அப்பா, அவர் என்னைக் கேட்டு வந்திருக்கிறார்” என்றதாம்.

இதை, நான் தங்கச்சி என்று கூப்பிட்ட அந்தப் பிள்ளையே எனக்குச் சொன்னது, சோறு போட்டுக்கொண்டே. அதற்குப் பிறகு பதினாறு வருஷம் அவள்தான் அவருக்கு இரண்டாவது வாய். கடையில், கோயிலில், வாடகை வீட்டுக்காரனிடத்தில், எங்கேயும் “அவர் சொல்றது என்னண்டா” என்று தொடங்குவாள். அவர் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் மாற்றாமல் சொல்லுவாள். “பாஸின்ர லவுட்ஸ்பீக்கர்” என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். “ஒரு வீட்டுக்கு ரெண்டு பேர்ட கதையை நான் ஒருத்தி கதைக்கிறன் அண்ணை, வாய் நோகுது” என்பாள். பிள்ளைகள் இல்லை. நாற்பத்தைந்து வயது முடியமுதல் சிறுநீரகம் பழுதாகிப் போய்விட்டாள்.

பொரளைக் கனத்தைச் சுடலையில் எரித்தோம். பெட்டியை மூடப்போகும் நேரம் கிரியை செய்தவர் காலில் கிடந்த மிஞ்சியைக் கழற்றவா என்று கேட்டார். பாஸ் ஏதோ சொன்னார். ஐயருக்குக் கேட்கவில்லை. மறுபடி கேட்டார். பாஸ் நின்றார். அங்கே நின்ற நாங்கள் அத்தனை பேரும், பழக்கதோஷம், சொல்லுவதற்கு அவளைத் தேடினோம். அவள் பெட்டிக்குள் கிடந்தாள். நான் முன்னுக்குப் போய், “கழட்ட வேண்டாமாம், அப்பிடியே போகட்டுமாம்” என்றேன்.

அன்றிலிருந்து அந்த வேலை எனக்கு வந்தது.

வேலையைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் அவர் கையை மிஞ்ச ஆள் இல்லை. பழைய ஜீப்புகள் எல்லாம் ரெக்சின் ஹூட் போட்டு வந்தவை. மழைக்குத் தோயும், கள்ளன் பிளேட்டால் கிழிப்பான். கடைகளில் பைபர் சாமான் வரத் தொடங்கினதும் நீர்கொழும்புப் பக்கம் மீன்பிடி வள்ளம் வார்க்கிறவர்களைப் பிடித்து, நான் அச்சுக் கொடுத்து மேல்மூடி வார்ப்பித்தேன். அந்த யோசனை என்னுடையது. அதில் ஒருவருக்கும் பங்கில்லை. ஆனால் மூடியை வார்ப்பது ஒன்று, அதை ஜீப்பில் இருத்துவது வேறு. பழைய ஜீப் ஒன்றும் சதுரமாக இருக்காது. எங்காவது மோதி, எங்காவது கவிழ்ந்து, ஒரு பக்கம் அரை இஞ்சி இறங்கியிருக்கும். மூடியைத் தூக்கி வைத்துப் போல்டை இறுக்கினால் ஒரு மூலை குந்தும், மறுமூலை வாய் பிளக்கும். மற்றவர்கள் அந்த வாய்க்குள் சிலிகனை அப்பி மூடிவிடுவார்கள். இரண்டு மழைக்கு நிற்கும்.

பாஸ் முதலில் மூடியைச் சும்மா வைத்து, சுற்றிலும் பழைய ரியூப் றப்பரை மெல்லிய துண்டாக வெட்டி வெட்டிச் செருகி மட்டம் எடுப்பார். அதற்கே ஒரு நாள். பிறகு தூக்கி, றப்பர் பட்டி ஒட்டி, சிலிகனை உள்வாய்க்குள் மட்டும் நூல் மாதிரி இழுத்து, மறுபடி வைத்து, குறுக்குமூலைப் போல்டுகளை மாறி மாறி அரைச் சுற்று அரைச் சுற்றாக இறக்குவார். கதவு றப்பரில் சோக்கட்டியைத் தேய்த்துக் கதவை ஒரு தரம் சாத்தித் திறப்பார். இரும்பில் வெள்ளைக் கோடு பதிந்திருக்கும். எங்கே கோடு அறுந்ததோ அங்கே தண்ணி வரும். எல்லாம் முடிந்தபின் தான் உள்ளே போய் இருந்துகொண்டு கதவுகளைச் சாத்துவார். நான் மேலேயிருந்து ஹோஸால் அரை மணித்தியாலம் அடிப்பேன். வெளியே வந்து “இல்லை” என்பார். ஒரு சொட்டும் இல்லை என்று அர்த்தம். நான் அதைத் தெருவுக்கே கேட்கச் சொல்லுவேன்.

ஒருநாள் தோட்டத் துரை ஒருவர் வந்தார். சிங்களவர், நல்ல மனிதர். வேறு எங்கேயோ போட்ட மூடி, சீற் நனைகிறது, மூன்று பேர் பார்த்து மேலே பூசிப் பூசி மூடி கல்யாண கேக் மாதிரி இருந்தது. பாஸ் சுற்றி வந்தார், சோக் தேய்த்தார், குனிந்தார், தண்ணி மேலால் வரவில்லை, முன்கண்ணாடிச் சட்டத்துக்கு அடியால் ஏறி வருகிறது என்று சொல்லிவிட்டு அடுத்த வாகனத்துக்குப் போய்விட்டார். துரை என்னைப் பார்த்து “மொகத கிவ்வே?” என்றார், என்ன சொன்னான் என்று. நான் பொனட்டில் ஒரு தட்டுத் தட்டி, அதையே சிங்களத்தில், கையை ஆட்டி, நீட்டி முழக்கிச் சொன்னேன். சட்டத்தைக் கழற்றி றப்பர் மாற்றினோம். அதற்குப் பிறகு ஒரு துளி இல்லை. துரை போய்த் தன் கிளப்பில் சொல்லியிருக்கிறார், கொட்டாஞ்சேனையில் ஒருவன் இருக்கிறான், சத்தத்தை வைத்தே ஓட்டையைச் சொல்லுவான் என்று. மலைநாட்டில் இருந்து ஜீப் ஜீப்பாக வந்தது. யாரைத் தேடி வந்தது? என்னைத் தேடி. அதைத் திருத்த நான் மினக்கெடவில்லை.

அப்படி என் பேரைக் கேட்டு வந்தவர்தான் செட்டித்தெருவில் நகைக்கடை வைத்திருந்த ஐயா. பூர்வீகம் தமிழ்நாடு, மூன்று தலைமுறையாகக் கொழும்பு. ஒரே மகன், இருபத்தேழு வயது, கலியாணம் கட்டி ஆறு மாதம். மருமகள் நுவரெலியாப் பக்கத்துப் பிள்ளை. மகன் ஆசைப்பட்டு ஒரு பழைய பட்டாளத்து ஜீப்பை ஏலத்தில் எடுத்திருந்தான். மருமகளைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போய்வர. வழியில் அந்தப் பிள்ளை மழையில் நனையக்கூடாது, மேலே கெட்டியாக மூடித் தாருங்கள் என்று ஐயா கேட்டார். நாள் பார்த்து, ஐயரைக் கேட்டு, வெள்ளிக்கிழமை காலை ஒன்பதேகாலுக்கும் பத்தேகாலுக்கும் இடையில் வண்டியை எடுக்கவேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். பத்தரைக்கு ராகுகாலம் தொடங்கிவிடும்.

பாஸ் நாலு நாளில் முடித்தார். என் சீவியத்தில் அதைப்போல ஒரு வேலை பார்க்கவில்லை. கதவைச் சாத்தினால் காது அடைத்ததுபோல் இருக்கும். வெளியே தெருவில் லொறி போனாலும் உள்ளே கேட்காது.

அந்த வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்குக் கொஞ்சம் முந்தி, கரண்ட் இல்லை. கம்பிரசர் ஓடவில்லை, கிரைண்டர் ஓடவில்லை. நான் வாசலில் நின்று எலுமிச்சங்காய்களை எண்ணிக்கொண்டிருந்தேன். பாஸ் கடைசியாக ஒரு தரம் ஜீப்புக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழும்பி வந்தார். முதுகில் எண்ணெயும் மண்ணும். எனக்கு முன்னால் இரண்டு அடி தூரத்தில் நின்றார்.

“முதலாளி, புகைக்குழாய் கட்டை. பின்தளத்துக்கு அடியிலயே முடியுது. தளத்தில நாலஞ்சு ஓட்டை இருக்கு. ஹூட் இருக்கேக்க புகை வந்தாலும் போயிடும். இப்ப வந்தா உள்ளதான் நிக்கும்.”

அவர் சேர்த்து அவ்வளவு கதைத்து நான் கேட்டதில்லை.

எனக்கு விளங்கியது. முழுவதும் விளங்கியது. பட்டாளத்தில் ஏதோ பூட்டியிருந்து கழற்றிய ஓட்டைகள் அவை; நானே பார்த்திருந்தேன். குழாயை வெட்டி நீட்டி வெல்ட் பிடிக்கவேண்டும், தளத்தைத் தகடு வைத்து அடைக்கவேண்டும். கரண்ட் வந்து வேலை முடிய மத்தியானம் ஆகிவிடும். ஐயா ஐயரோடு வருகிறார். மகனும் மருமகளும் பட்டுடுத்திக்கொண்டு வருகிறார்கள். ராகுகாலத்தில் வண்டியைக் கொடுக்க முடியாது. இன்னொரு நாளைக்கு வைப்போம் என்று சொன்னால், நாள் தவறிய வண்டி என்று அதை அவர்கள் வாழ்நாள் முழுக்கக் குறையாக நினைப்பார்கள், என்னையும் நினைப்பார்கள். இவ்வளவும் ஒரு நிமிஷத்துக்குள் என் தலைக்குள் ஓடியது. அடுத்த கிழமை கூப்பிட்டுச் செய்துகொடுக்கலாம்.

“பாப்பம் பாஸ்” என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுக் கை கழுவப் போனார்.

ஒன்பதரைக்கு வந்தார்கள். ஐயர் சந்தனம் தொட்டு வைத்தார், கற்பூரம் காட்டினார், பூசணிக்காய் உடைந்தது. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சங்காய். மருமகப் பிள்ளை கதவைத் திறந்து சாத்திப் பார்த்து, சத்தமே இல்லையே மாமா என்று சிரித்தது. ஐயா என்னிடம், “காத்துக்கூட உள்ள வராதுல்ல?” என்று கேட்டார். நான் என் வழக்கப்படி நெஞ்சை நிமிர்த்தி, “காத்தும் வராது, மழையும் வராது ஐயா, உள்ள இருந்தா வீட்டுக்குள்ள இருக்கிற மாதிரி” என்றேன். பாஸ் குழாயடியில் துணியால் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்தார். வண்டிக்காரரிடம் போய் அவரே சொல்லியிருக்கலாமே என்று பிறகு பலர் கேட்டார்கள். முதலாளிக்குச் சொல்லியாகிவிட்டது, வாடிக்கைக்காரரிடம் அவருடைய கதையைச் சொல்லுகிறவன் நான். பொரளையில் இருந்து அதுதான் எங்களுக்குள் ஒழுங்கு.

அடுத்த கிழமை நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால், அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேள்வி வரும். அதற்கடுத்த கிழமை வேலை கூடிப்போனது. மூன்றாம் கிழமை அவர்கள் மலைக்குப் போனார்கள்.

நுவரெலியா ரோட்டில், ரம்பொடைக்கு அந்தப் பக்கம் மண் சரிந்து ரோட்டு மறித்திருந்தது. பின்னேரம் மூன்று மணி, மழை, பனிமூட்டம். வாகனங்கள் வரிசையாக நின்றன. இவர்கள் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, குளிருக்கு எஞ்சினை ஓடவிட்டு, உள்ளே இருந்திருக்கிறார்கள். பின்னால் நின்ற பஸ்காரன் இரண்டு பேரும் தலையோடு தலை சாய்த்து நித்திரை என்று நினைத்தானாம். மண்ணை வெட்டி வழி விட்டபிறகு ஜீப் நகரவில்லை. ஹோர்ன் அடித்தான். பிறகு போய்த் தட்டினான். உள்ளே பின்சீற்றில் புது ரெயின்கோட் இரண்டு மடித்தபடி இருந்தனவாம். தண்ணி ஒரு சொட்டும் உள்ளே வரவில்லை.

சாவு புகையால் என்று டொக்டர் எழுதினார். பொலிஸ் கராஜுக்கு வந்தது. ஜீப்பின் அடியில் கடைசியாகப் படுத்துப் பார்த்தது யார் என்று கேட்டார்கள். பார்த்த அத்தனை பேரும் பாஸைக் காட்டினார்கள். அது உண்மைதானே.

வழக்கில் முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். அடியில் ஓட்டை இருப்பதை யாராவது உங்களுக்குச் சொன்னார்களா என்று நீதவான் கேட்டார். முன்வரிசையில் ஐயா இருந்தார், தலை மொட்டையடித்து, வெள்ளை வேட்டியோடு. என்னிடம் அப்போது இருபத்திரண்டு பேர் வேலை செய்தார்கள். இரண்டு பொம்பிளைப் பிள்ளைகள் கலியாணத்துக்கு நின்றார்கள். இதெல்லாம் பிறகு நான் எனக்குச் சொல்லிக்கொண்டது. அந்த இடத்தில் எனக்கு ஒன்றும் நினைவு வரவில்லை. பயம் மட்டும்தான். “இல்லை” என்றேன். அதுவும் சத்தமாக, என் வழக்கப்படி.

பிறகு பாஸ் கூண்டில் ஏறினார். ஓட்டையைக் கண்டாயா என்று கேட்டார்கள். “ஓம்” என்றார். அது எல்லாருக்கும் கேட்டது. யாரிடமாவது சொன்னாயா என்று கேட்டார்கள்.

“முதலாளிட்டச் சொன்னனான்.”

வெளியே மழை. மேலே பழைய காற்றாடி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. தமிழைச் சிங்களத்தில் மாற்றிச் சொல்லுகிறவர் ஏதோ கடதாசி புரட்டிக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து, சத்தமாகச் சொல்லுங்கள் என்றார். பாஸ் நின்றார். நீதவான் தானே கேட்டார். நின்றார். மூன்றாம் தரம், பதில் சொல்லாவிட்டால் சொல்லவில்லை என்று எழுதப்படும், விளங்குகிறதா என்று கேட்டார். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை. பார்த்திருந்தால் நான் எழும்பியிருப்பேனோ என்னவோ. எழும்பியிருப்பேன் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. நான் நாலடி தூரத்தில் வாங்கில் இருந்தேன். அந்த மண்டபத்தில் அவர் சொன்னது கேட்ட ஆள் நான் ஒருவன்தான். “பாஸ் சொல்றது என்னண்டா” என்று அவளுக்குப் பிறகு ஐந்து வருஷமாக எழும்பி நின்று சொன்ன வாய் இது. பக்கத்தில் இருந்த என் வக்கீல், நான் எழும்பப் போகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்திருக்கத் தேவையில்லை.

பாஸுக்குப் பதினைந்து மாதம் சிறை கொடுத்தார்கள். எனக்கு ஒன்றுமில்லை. கராஜ் நடந்தது. இன்னும் சொன்னால், கூட நடந்தது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு வண்டிக்கும் முதலில் அடித்தளத்தையும் குழாயையும் பார்த்துத்தான் மேல்மூடியைத் தொடவேண்டும் என்று கட்டளை போட்டேன். வாடிக்கைக்காரர்கள் என் கவனத்தை மெச்சினார்கள். வத்தளையிலும் தெஹிவளையிலும் இன்னும் இரண்டு கிளை போட்டேன். இரண்டு பிள்ளைகளையும் நல்ல இடத்தில் கொடுத்தேன். கேட்டால் விபரம் முழுக்கச் சொல்லுவேன், அதில் எனக்குச் சலிப்பே வராது.

பாஸ் வெளியே வந்து, வேலைக்குத் திரும்பவில்லை. ஹெந்தளையில் அக்கா வீட்டில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். ஒரு கூடை பழம் கொண்டுபோனேன். வெயில் நேரம். கடற்கரைப் பக்கம் திரும்பின கதிரையில் இருந்தார். மெலிந்து, தலை முழுக்க நரைத்து. அக்கா ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பாராமல் உள்ளே போய்விட்டா. புதுக் கிளையைப் பார்த்துக்கொள்ள வரச்சொன்னேன். அவர் அலையைப் பார்த்தார். சொல்லவேண்டும் என்று மனதில் கட்டிக்கொண்டு போனதைப் பிறகு சொன்னேன்.

“பாஸ், நீங்க சொன்னது எனக்குக் கேட்டது. கராஜிலயும் கேட்டது. கோட்டிலயும் கேட்டது.”

அவர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

“அதை ஏன் முதலாளி என்னட்டச் சொல்றீங்க?” என்றார்.

அவ்வளவுதான். நான் இன்னும் என்னென்னவோ சொன்னேன், மன்னிப்பு என்றேன், கையைப் பிடித்தேன். கையைத் தந்துகொண்டு இருந்தார். பழக்கூடையை அக்கா வாசல்வரை கொண்டுவந்து என் காருக்குள் வைத்துவிட்டுப் போனா. அதற்குப் பிறகு நான் போகவில்லை. ஏழெட்டு வருஷம் கழித்து அவர் செத்த செய்தி வந்தது. அதற்கும் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். ஒரு மலர்வளையம் அனுப்பினேன், நல்ல பெரிது.

யாரிடம் சொல்லவேண்டும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த நகைக்கடை ஐயா என்னை விட்டுப் போகவில்லை. எந்தக் கார் வாங்கினாலும் என்னிடம் கொண்டுவந்து காட்டாமல் ஓட்டமாட்டார். வீட்டில் விசேஷம் இல்லாமல் போன மனிதர். தீபாவளிக்கு எனக்கு மட்டும் பலகாரப் பெட்டி வரும். அவர் உயிரோடு இருந்திருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன். வாசிக்கிறவர்கள் அதையும் தெரிந்துகொள்ளட்டும்.

பாஸ் செத்த அந்த மாதம் ஐயா ஒரு மத்தியானம் வந்தார். தடி ஊன்றிக்கொண்டு படியேறி, என் ஒபிஸ் அறையில் எனக்கு முன்னால் இருந்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“அந்த ஆளு போயிட்டானாமே?”

“ஓம் ஐயா.”

கதிரையை மேசையோடு நெருக்கி இழுத்தார். பிறகு, இத்தனை வருஷமாகத் தான் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைத்துக்கொண்டு இருப்பதாகச் சொன்னார். கோபம் எல்லாம் ஆறிவிட்டது, ஜெயிலில் இருந்ததும் போதும், ஆனால் ஒன்று மட்டும் விளங்கவில்லை, அது விளங்கினால் நித்திரை வரும் என்றார்.

“அடியில படுத்து ஓட்டையைப் பாத்தவன், எந்திரிச்சு வந்து ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரமாகும்? நீங்க அவன்கூட இருவது வருஷம் பழகினவரு. அவன் அப்படிச் சொல்லாம விடுற ஆளா?”

தடியை மடியில் வைத்துக்கொண்டு என் வாயைப் பார்த்தார். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். வெளியே வேலைசெய்கிறவர்கள் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். அவசரமே இல்லாத நேரம் அது.

“கதை குறைஞ்ச மனுசன் ஐயா” என்றேன்.

அவர் அதைத் தனக்குள் இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்ப்பதுபோல் தலையை ஆட்டினார். பிறகு தடியை ஊன்றி எழும்பினார். நான் கையைப் பிடித்துப் படி இறக்கி, காரடிக்குக் கூட்டிப்போய், கதவைத் திறந்துவிட்டேன். ஏறி இருந்தவர் என் கையை விடாமல் வைத்திருந்தார்.

“என்கிட்ட மறைக்காமப் பேச நீங்க ஒருத்தராவது இருக்கீங்க” என்றார்.